காற்றில்லாத வாரம்

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே, உடம்புக்கு என்ன என்று விசாரித்தவர்களுக்கு நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் காற்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

புரியவில்லை, இல்லையா? சொல்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை காப்பி டம்ளரோடு மொட்டை மாடிக்குப் போனால், என் கணவர் ஒரு கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். கையில் ஈரத் துண்டு. அது அசைகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன பண்றேள்?"

"காத்து வரதான்னு பாக்கறேன்."

"இங்க வந்தா அங்க வந்துடுமா?"

கையை இறக்கினார். காப்பியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

'அங்க' என்று நான் சொன்னது, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் எங்கேயோ கிடக்கும் ஒரு தீவை. எங்கள் பெண் வித்யாவும் மாப்பிள்ளை ஹரியும் ஏழு நாள் ஹாலிடேக்காக அங்கே போயிருந்தார்கள். வருஷம் முழுக்கக் காற்று பிய்த்துக்கொண்டு போகும் தீவாம் அது. இவர்கள் போன வாரம் மட்டும் காற்று இல்லை. அதற்குக் காரணம்... நாங்கள்தான்.

வித்யாவை உங்களுக்குத் தெரியும். முன்பல் விழுந்தது முதல் ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது வரை அவளைப் பற்றி எழுதி எழுதியே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். (இதை அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். 'எழுதாம இருக்கவா போறே' என்று சொன்னாள். அது அனுமதிதானே?) கல்யாணத்தையும் எழுதினேன். அதற்கப்புறம் நடந்ததைத்தான் எழுதவில்லை. எழுதும்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் விஷயமே.

ஹரிக்கு ஜெர்மனியில் வேலை. நாகர்கோவில் வடிவீசுவரத்துப் பையன், தங்கமான குடும்பம். லீவுதான் கம்மி. கல்யாணச் சந்தடி ஓய்ந்து இரண்டு பேரும் சேர்ந்திருந்தது பதினொரு நாள். அதில் ஏழு நாள் யார் வீட்டிலாவது இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் ஹரி விமானம் ஏறிவிட்டார். அப்புறம் பத்து மாதம் டெலிபோன் குடித்தனம்.

சனிக்கிழமை சனிக்கிழமை போன் வரும். 'சாப்டாச்சா?' 'ஆச்சு. நீங்க?' 'ஆச்சு.' அதற்குமேல் வண்டி நகராது. பக்கத்து அறையில் துணி மடிக்கிற பாவனையில் நிற்கும் எனக்குத்தான் பொறுக்காது. ஏதாவது கேளேன்டி... என்ன கலர் சட்டை என்றாவது கேளேன்டி...

ஹரி வாய்விட்டுப் பேசுகிற விஷயம் ஒன்றே ஒன்று. கைட் சர்ஃபிங். சனி, ஞாயிறு லீவு வந்தால் கடலுக்குப் போய்விடுவார். போட்டோ அனுப்பியிருந்தார். வானத்தில் ராட்சசக் காற்றாடி. அதன் கயிறுகள் ஆளின் இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருக்கின்றன. காலடியில் ஒரு பலகை. பலகைக்குக் கீழே... சமுத்திரம். என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்ல உத்தியோகத்துல இருக்கற பையன், எதுக்காக்கும் இந்தப் பாடு?" என்றார்.

இதற்கிடையில் வித்யாவின் மேஜை டிராயரில் ஒரு ஃபாரம் வந்து உட்கார்ந்தது. கணவனோடு போய்க் குடியிருப்பதற்கான விசா ஃபாரம். எல்லாம் பூர்த்தி செய்து, கையெழுத்து மட்டும் போடாமல் மூன்று மாதமாக அங்கேயே இருந்தது. போட்டால் வேலையை விடவேண்டும், ஊரை விடவேண்டும், பதினொரு நாள் பழகிய ஒருவரை நம்பிப் போகவேண்டும். ஏன்டி போடவில்லை என்று நான் கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்று பயம்.

அப்போதுதான் ஹரி அந்தத் தீவைப் பற்றிச் சொன்னார். கைட் சர்ஃபிங்குக்குப் பேர்போன இடம், நீ டூரிஸ்ட் விசாவில் வந்துவிடு, ஒரு வாரம் இருக்கலாம் என்று. வித்யா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு சரி என்றாள்.

என் கணவருக்குக் கிழக்கேகோட்டையில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் டிராவல் ஆபீஸ். காசி, ராமேஸ்வரம், நவக்கிரகம், அப்புறம் தினப்படி கன்யாகுமரி. இருபத்தைந்து வருஷ சர்வீஸ். அப்படிப்பட்டவரின் பெண் இன்டர்நெட்டில் டிக்கெட் போடுவதாவது? 'எங்க ரெண்டு பேருக்கும் எந்த வாரம்னாலும் லீவு கிடைக்கும். நீங்களே பார்த்துப் போடுங்கோ மாமா' என்று ஹரியும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். பாவம்.

கன்யாகுமரிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு ஜன்ம விரோதி யார் தெரியுமோ? காற்றுதான். காற்று அடித்தால் பாறைக்குப் போகும் படகை நிறுத்திவிடுவார்கள். நாற்பது யாத்ரீகர்கள் படகுத்துறை வெயிலில் நின்றுகொண்டு, காற்றையா திட்டுவார்கள்? இவரைத்தான் திட்டுவார்கள். அதனால் ஆபீஸ் காலண்டரில் காற்று மாதங்களைச் சிவப்புப் பென்சிலால் அடித்து வைத்திருப்பார். யார் எந்த ஊருக்கு டிக்கெட் கேட்டு வந்தாலும் அவர் கண் முதலில் அந்தக் காலண்டருக்குத்தான் போகும்.

தீவில் இருக்கும் ஹோட்டலுக்கு மெயில் எழுதவேண்டும். அவருக்கு டைப் வராது. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எங்கள் குழந்தைகள் வருகிறார்கள். பெண்ணுக்கு நீச்சல் தெரியாது. ஆகவே வருஷத்திலேயே கடல் அமைதியாகவும் காற்று மிகக் குறைவாகவும் இருக்கும் வாரம் எது என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.

'மிகக் குறைவாக'வுக்கு அடிக்கோடு போடச் சொன்னார். போட்டேன். ஆமாம், இந்தக் கையால்தான்.

மறுநாளே பதில் வந்தது. மலையாளத் துலாமாசத்தில் — உங்கள் ஐப்பசி — ஒரு வாரத்தைக் குறிப்பிட்டு, அப்போது காற்றே இருக்காது, கவலை வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். எவ்வளவு பொறுப்பான மனிதர்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் மெச்சிக்கொண்டோம்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது வித்யா சொன்னாள்:

"அம்மா, ஏழு நாளாக்கும். ஏழு நாள் கழிச்சும் எனக்கு மனசு ஒட்டலைன்னா, வந்து சொல்லிடுவேன். நீயும் அப்பாவும் என்னைத் திட்டப்படாது."

என் கையில் அவளுடைய சுடிதார் துப்பட்டா. அதை மடித்தேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன்.

"திட்ட மாட்டோம்" என்றேன். வேறென்ன சொல்ல? எனக்குக் கல்யாணமானபோது ஏழு நாள் யார் கொடுத்தார்கள்?

சமையலறைக்குப் போய் இவரிடம் சொன்னேன். எங்கள் ஊரில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் யாரும் பயணம் கிளம்புவதில்லை. சாதாரணமாக ஒரு தேங்காய். மறுநாள் காலை இவர் பதினொன்று உடைத்துவிட்டு வந்தார்.

"என்ன வேண்டிண்டேள்?"

"அங்க காத்து அடங்கியிருக்கணும்னுதான்."

வெள்ளிக்கிழமை போனாள். ஜெர்மனியில் ஹரி சேர்ந்துகொண்டார். தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம் என்று சனிக்கிழமை ஒரு மெசேஜ். திங்கட்கிழமை மத்தியானம் போன்.

"அம்மா, இங்க காத்தே இல்லைம்மா" என்றாள் வித்யா.

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு இவரிடம் சொன்னேன். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பெண் ஃபர்ஸ்ட் கிளாஸில் பாஸ் பண்ணின அன்றைக்குக்கூட அப்படி ஒரு பிரகாசம் இல்லை. போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"கொழந்தே, கடல் எப்படி இருக்கு?"

"கொளம் மாதிரி இருக்குப்பா. அலையே இல்லை."

"பார்த்தியா? வெறுதேயா அந்த வாரம் போட்டேன்? ஹோட்டல்காராளுக்கு எழுதிக் கேட்டு, வருஷத்துலயே காத்து கம்மியான வாரமாப் பார்த்துப் போட்டதாக்கும்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று இவர் இரண்டு தரம் ஹலோ சொன்னார்.

"அப்பா..." வித்யாவின் குரல் தணிந்திருந்தது. "காத்து இல்லைன்னா அது நிக்காதுப்பா."

"எது?"

"காத்தாடி. காத்துலதானேப்பா அது பறக்கும். காத்து இல்லாம ஹரிக்கு இங்க ஒண்ணுமே பண்ண முடியாது."

"ஓ" என்றார். மெதுவாக ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

காற்றாடிக்குக் காற்று வேண்டும் என்று மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். ஐம்பதைத் தாண்டிய எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமலா போயிற்று? தெரியும். ஆனால் அந்தப் போட்டோவில் எங்கள் கண்ணில் காற்றாடி படவே இல்லை. தண்ணீர்தான் பட்டது. பெற்றவர்களிடம் எந்தப் படத்தை நீட்டினாலும் இப்படித்தான். பிள்ளை பைக்கில் உட்கார்ந்திருக்கும் படமா? பைக்கை யார் பார்க்கிறார்கள்? தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம்.

"மாப்பிள்ளைக்குக் கோவமா இருக்குமோ?" என்று கேட்டார்.

"இருக்காதா பின்னே?"

எனக்குப் பயம் மாப்பிள்ளையின் கோபத்தைப் பற்றி அல்ல. அந்த ஏழு நாளைப் பற்றி. அவரோடு சிரித்துப் பேச வித்யாவுக்கு இருந்த ஒரே சாக்கு அந்தக் காற்றாடிதான். அதையும் நாங்களே பிடுங்கிவிட்டோம். இனி இரண்டு பேரும் கடற்கரையில் உட்கார்ந்து 'சாப்டாச்சா', 'ஆச்சு' என்று சொல்லிக்கொண்டிருப்பார்களே...

மறுநாள்தான் நான் சொன்ன அந்த மொட்டை மாடிக் காட்சி. அதோடு விட்டாரா? ஹோட்டலுக்கு போன் போட்டு, எப்போது காற்று வரும் என்று கேட்டார். அங்கே போனை எடுத்த பெண் மரியாதையாகச் சொன்னாளாம்: 'சார், நீங்கள் காற்று இல்லாத வாரம் கேட்டீர்கள். அதைத்தான் கொடுத்திருக்கிறோம்.' புதன்கிழமை மறுபடி பழவங்காடிக்குப் போனார். இந்தத் தடவை காற்று அடிக்கவேண்டும் என்று தேங்காய். போன வாரம் அடக்கச் சொன்ன அதே ஆள் இந்த வாரம் அவிழ்த்துவிடச் சொன்னால் பிள்ளையார் யார் பேச்சைக் கேட்பார்?

அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. கையலம்பிவிட்டு வந்து, "கம்ப்யூட்டரைப் போடு. ஹரிக்கு ஒரு லெட்டர் எழுதணும்" என்றார்.

எங்கள் தெருவில் மாமனார்கள் மாப்பிள்ளையிடம் பணிந்து பேசுவது புதிதில்லை. 'ஏதாவது குறை இருந்தா மனசுல வெச்சுக்கப்படாது' என்று பந்தியில் கைகூப்புவார்கள். அதெல்லாம் உபசாரம். இன்ன தப்பை நான் செய்தேன் என்று சொன்ன ஒரு மாமனாரையும் நான் பார்த்ததில்லை. என் கணவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

தமிழ் ஃபான்ட் கிடையாது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தேன். மூன்று தரம் அடித்து மூன்று தரம் அழிக்கச் சொன்னார். கடைசியில் போனது இதுதான்:

'அன்புள்ள ஹரிக்கு ஆசீர்வாதம். வாரத்தைப் பார்த்தது நான். வித்யாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. கோபம் இருந்தால் என் மேல் இருக்கட்டும், அவள் மேல் வேண்டாம். அவளுக்கு நீச்சல் தெரியாது என்பது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. மன்னிக்கவும்.'

'மன்னிக்கவும்' அடிக்கும்போது எனக்குக் கண்ணை மறைத்தது. இந்த மனுஷர் என்னிடம் எத்தனையோ மன்னிப்புக் கேட்காமல் விட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கழிந்துபோயிற்று. அவர் கவனிக்கவில்லை. 'அனுப்பியாச்சா, போயிடுத்தா' என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் வரவில்லை. வியாழன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏர்போர்ட். வித்யா வெளியே வரும்போது இவர் என் பக்கத்தில் இல்லை. 'வண்டியைப் பார்த்துட்டு வரேன்' என்று நழுவிவிட்டார். அவள் மூக்கு வெயிலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. முகத்திலிருந்து என்னால் ஒன்றும் படிக்க முடியவில்லை. கார் சாக்கை ஜங்ஷன் பக்கம் ஒரு கல்லில் ஏறி இறங்கியபோது மட்டும், "அப்பா, மெதுவா" என்றாள்.

வீட்டுக்கு வந்து குளித்து, தோசைக்கு உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். இவர் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

"செவ்வாக்கிழமை முழுக்க 'பரவாயில்லை, பரவாயில்லை'ன்னே சொல்லிண்டிருந்தார்மா. ஆனா மூஞ்சி இவ்வளவு பெரிசு. சாயங்காலம் எனக்குத் தாங்கலை. பரவாயில்லைன்னா எதுக்கு இப்படி இருக்கேள்னு கேட்டேன். உங்கப்பா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னார். எனக்கு வந்துது பாரு கோவம். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, எங்காத்துல யாரு காத்தாடியில தொங்கிண்டு கடல்ல போயிருக்கான்னு பிடிச்சுண்டேன். ரெண்டு மணி நேரம்மா. பீச்ல இருக்கறவா எல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்கறா."

என் கையில் தோசைத் திருப்பி. அடுப்பில் தோசை கருகுகிறது. "அப்புறம்?"

"அப்புறம் பேச ஒண்ணுமில்லாம போயிடுத்து. ரெண்டு பேரும் மண்ணுல உக்காந்திருந்தோம். அப்ப அவர் சொன்னார்... 'வித்யா, என்கிட்ட உனக்குக் காமிக்க வேற ஒண்ணும் இல்லை. ஆபீஸ் உண்டு, ஒரு ரூம் உண்டு. எனக்கு நன்னா வரது இது ஒண்ணுதான். நீ கரையில நின்னு ஒரு தடவை பாக்கணும்னுதான் இவ்வளவு தூரம் கூப்பிட்டேன். அதையும் காமிக்க முடியலை'ன்னு."

தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்பத்தான் எனக்கு அவரைப் பிடிச்சுது."

நான் அடுப்பை அணைத்தேன். பத்து மாதம் டெலிபோனில் சொல்ல முடியாததை ஒரு மனிதர் சொல்ல, அவர் கையில் ஒன்றுமே இல்லாமல் போகவேண்டியிருந்தது பாருங்கள். நாம் எல்லோரும் அப்படித்தானே? பெருமைப்பட ஏதாவது இருக்கும்வரை அதைத்தான் முன்னால் நிறுத்திப் பேசுகிறோம்.

"காத்து வந்துதா கடைசீல?" இது கூடத்திலிருந்து.

"வரலைப்பா. காத்தாடிப் பையைப் பிரிக்கவே இல்லை. தண்ணி அசையாம இருந்துதா, அவர் எனக்கு மிதக்கச் சொல்லிக்கொடுத்தார். மூணு நாள்ல மிதந்துட்டேன்."

பேப்பர் கீழே இறங்கியது. "ஆழத்துலயா?"

"இடுப்பளவு தண்ணியிலதாம்ப்பா."

"இடுப்பளவு போறும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "லெட்டர் வந்துதா ஹரிக்கு?" என்று கேட்டார்.

"வந்துது. ரெண்டு தடவை உரக்கப் படிச்சார். ஹோட்டல்ல கேட்டு பிரின்ட் எடுத்துண்டார். அப்பாக்கு என்ன பதில் எழுதறதுன்னு ரெண்டு நாள் யோசிச்சார், ஒண்ணும் வரலையாம். நேர்ல வந்து கையைப் பிடிச்சுக்கறேன்னு சொல்லச் சொன்னார்."

இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்று சாயங்காலம் வித்யா டிராயரைத் திறந்து அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இது ஒட்டவேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான்தான். ஒட்டிவிட்டது. ஒட்டினால் அவள் கிளம்பிவிடுவாள் என்பதை வேண்டும்போது நான் யோசித்தேனா?

"அப்பா, டிக்கெட் போட்டுத் தாங்கோ" என்றாள். "ஒன்வே போறும்."

விசா வருவதற்கே ஒரு மாதம் ஆகும், அதற்குள் என்ன அவசரம் என்று இவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முந்தாநாள் ஆபீஸிலிருந்து ஒரு கவரோடு வந்தார். வித்யா பிரித்துப் பார்த்தாள்.

"ரிட்டர்னும் இருக்கே."

"ஓப்பன் டிக்கெட். வருஷம் முழுக்கச் செல்லும்."

"தேதி எதுவும் போடலையே?"

"போடலை. போற தேதியை நீயும் ஹரியும் பேசி வெச்சுக்கோங்கோ." செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார். "வர தேதியும் உன்னிஷ்டம். நான் பாக்கலை."

பிறந்த நாளிலிருந்து அவளுடைய ஒவ்வொரு பயணத்துக்கும் நாள் பார்த்தவர், காற்று பார்த்தவர், மழை பார்த்தவர்... டிக்கெட்டில் அந்த இரண்டு தேதிக் கட்டங்களையும் காலியாக விட்டுக் கொடுத்துவிட்டார்.

நான் மட்டும் — அவரிடம் சொல்லிவிடாதீர்கள் — அவள் திரும்பி வர நல்ல நாளாக நாலைந்து, பஞ்சாங்கத்தில் பக்கம் மடக்கி வைத்திருக்கிறேன்.